சொல்லியாச்சு, ஆனால் போய்ச் சேர்ந்ததா?

கோவைப் பக்கம் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் நான் ஜூனியர் இன்ஜினியராக இருந்தபோது நடந்தது இது. பர்னஸ் (உருக்கும் உலை) மெயின்டனன்ஸ் பார்த்த அண்ணன் ஒருவர், ஐடிஐ படித்தவர். இண்டக்‌ஷன் பர்னஸ் ஓடும் சத்தத்தையும் மீட்டரையும் வைத்தே உள்ளே லைனிங், அதாவது வெப்பம் தாங்கும் உள்பூச்சு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஃபவுண்டரி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளே உருகிய இரும்பு கிட்டத்தட்ட 1500 டிகிரி செல்சியஸ். அதைச் சுற்றி, உள்ளே தண்ணீர் ஓடும் செம்புச் சுருள், அதைத்தான் காயில் என்போம். இரண்டுக்கும் நடுவே இருப்பது சில அங்குல லைனிங் மட்டும்தான். இரும்பும் தண்ணீரும் சந்தித்தால் வெடிக்கும்.

மூன்று நாள் தொடர்ந்து லாக் புக்கில் எழுதினார், "லைனிங் மெலிந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று. நான்காம் நாள் நைட் ஷிஃப்டில் உருகிய இரும்பு லைனிங்கைத் துளைத்துக் காயில் பக்கம் இறங்கியது. ஆட்கள் சரியான நேரத்தில் மேடையை விட்டு இறங்கிவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காயில் போனது. பதினொரு நாள் பர்னஸ் நின்றது.

காலையில் ஓடிப்போய், "என்னண்ணா இப்படி ஆயிருச்சு?" என்று கேட்டேன். "நான் சொல்லியாச்சுங்க தம்பி. மூணு நாளா நோட்டுல எழுதிட்டுத்தான் இருக்கேன்" என்றார். உண்மைதான். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே புரொடக்‌ஷன் மேனேஜரின் கையெழுத்து இருந்தது. படிக்காமல் போட்ட கையெழுத்து.

இத்தனை வருடம் கழித்தும் அந்த "சொல்லியாச்சு" என்னை விடவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் போதும், அது தானாகப் போய் வேலையைச் செய்யும் என்று மனதார நம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த இடத்திலிருந்து ஓரடி முன்னே போக அவர்களுக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. கற்றுத்தர வேண்டியது மேலே இருக்கும் நாங்கள்தான்.

இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது 1986 ஜனவரி 27 இரவை. மறுநாள் காலை அமெரிக்காவின் புளோரிடாவில் இருந்து நாசாவின் சேலஞ்சர் விண்கலம் ஆட்களோடு கிளம்ப வேண்டும். அதன் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவில் உட்கார்ந்துகொண்டு, குளிர் அதிகம், வேண்டாம் என்று தொலைபேசியில் நாசாவிடம் சொல்கிறார்கள். பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் குளிரில் இறுகிவிடும், சூடான வாயு கசியும் என்பது அவர்கள் பயம். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜோலி, உயிர் போகும் ஆபத்து இருக்கிறது என்று 1985 ஜூலை 31 அன்றே மேலிடத்துக்கு எழுதியவர். 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு கடுமையாக எதிர்த்தது. தியோக்கால் மேலாளர்கள் அரைமணி நேரம் தனியாகப் பேசினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போடு என்று அங்கே ஒருவரிடம் சொல்லப்பட்டது. முடிவு மாறியது. மறுநாள் கிளம்பிய 73 நொடியில் விண்கலம் சிதறியது, அதிலிருந்த ஏழு பேரும் போனார்கள்.

பிறகு விசாரணைக் குழு அதற்கு முந்தைய விண்கலப் பயணங்களையெல்லாம் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தது. இணைப்பு 66 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 19 செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்த 20 பயணங்களில் 3இல்தான் ஓ-ரிங்கில் பாதிப்பு. 63 (சுமார் 17 செல்சியஸ்) அல்லது அதற்குக் கீழே இருந்தவை 4. நான்கிலும் பாதிப்பு. இந்த இரண்டு வரி அன்றிரவு யார் முன்னாலும் இல்லை. பாதிப்பு வந்த பயணங்களை மட்டுமே எடுத்துப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் குளிருக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பு தெரியாது. இதற்காக அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். அதோடு கேள்வியே தலைகீழாகத் திரும்பிவிட்டது. பத்திரமானது என்று நிரூபி என்று கேட்க வேண்டிய இடத்தில், ஆபத்து என்று நிரூபி என்று கேட்டார்கள். இந்தத் திருப்பத்தை அடையாளம் காண நம் ஆட்களுக்கும் சொல்லித்தர வேண்டும். "ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள்" என்று அந்த இடத்தில் திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும்.

அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்று விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் ஒரு ரப்பர்த் துண்டைக் கிளாம்பில் இறுக்கி, ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்துக் காட்டினார். கிளாம்பைத் தளர்த்திய பிறகும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. நாட்டுக்கே புரிந்தது. இது பலருக்கும் தெரியும். இதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு அதைவிட முக்கியம். அதே குழுவில் இருந்த விண்வெளி வீராங்கனை சாலி ரைடு, வெப்பநிலையும் ரப்பரின் மீள்திறனும் இரண்டு பத்தியாக எழுதிய ஒரு தாளைச் சத்தமில்லாமல் அதே குழுவில் இருந்த விமானப்படை ஜெனரல் குட்டினா கையில் கொடுத்தார். ரைடைக் காட்டிக்கொடுக்காமல் விஷயத்தை நகர்த்த வேண்டும். குட்டினா ஃபெய்ன்மேனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கேரேஜில் கார் கார்புரேட்டரைக் காட்டி, இதிலும் ஓ-ரிங் உண்டு, குளிர்ந்தால் கசியும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். மீதியை ஃபெய்ன்மேன் பார்த்துக்கொண்டார். 2012இல் ரைடு இறந்த பிறகுதான் குட்டினா அந்தத் தாள் யார் கொடுத்தது என்று வெளியே சொன்னார். ஒரு உண்மை சபைக்கு வந்து சேர மூன்று பேர் கை மாற வேண்டியிருந்தது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பர்னஸ் திரும்ப ஓட ஆரம்பித்ததும் நானும் அண்ணனும் சில சனிக்கிழமைகள் டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். "மேனேஜர் எதுக்குண்ணா ராத்திரி தூங்காம இருக்காரு?" என்று கேட்டேன். யோசிக்காமல், "டிஸ்பாட்ச்" என்றார், அதாவது சரக்கு நேரத்துக்கு வெளியே போக வேண்டும் என்ற கவலை. அப்புறம் நாம் ஏன் அவரிடம் லைனிங்கைப் பற்றிப் பேசுகிறோம்?

லைனிங் மெலிய மெலிய, அதே வோல்டேஜில் பர்னஸ் இழுக்கும் பவர் ஏறும். அண்ணன் அதைத் தலையிலேயே வைத்திருந்தார். ஒரு கிராஃப் தாளில், ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒரு முறை உருக்கி எடுப்பது ஒரு ஹீட்) ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் வேண்டாம், பேனா போதும். போன முறை இரும்பு இறங்கியபோது இருந்த அளவில் ஒரு சிவப்புக் கோடு. அடுத்த லைனிங் மாற்றும் நேரம் வந்தபோது கீழே ஒரே வாக்கியம்: "ஞாயிறு காலை நிறுத்தினால் செவ்வாய் காலை முதல் ஹீட், காயில் போனால் பதினொரு நாள்." மீட்டிங்குக்கு முன்னாலேயே அதை டிஸ்பாட்ச் பார்ப்பவரிடம் தனியாகக் காட்டச் சொன்னேன். பத்துப் பேர் நடுவில் யாரும் தன் முடிவை மாற்றிக்கொள்வதில்லை. டீ குடிக்கும்போது மாற்றிக்கொள்வார்கள்.

முதல் முறை தோற்றோம். பாதியில் ஒருவர் குறுக்கே பேச, அண்ணன் தாளை மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தப்பு என் மேல்தான். தாளைத் தயார் செய்த நான் அறையைத் தயார் செய்யவில்லை. அடுத்த வாரம் பிளான்ட் ஹெட்டிடம் முன்கூட்டியே, அண்ணன்தான் முதலில் பேச வேண்டும், ஐந்து நிமிடம் யாரும் குறுக்கே வரக் கூடாது என்று கேட்டு வாங்கினேன். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவர் பேசினார். தெரிந்ததைத் தெரியும் என்றார், "எத்தனை ஹீட்ல போகும்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றும் சொன்னார். அந்த வார்த்தைதான் அவர் மேல் நம்பிக்கை வரவைத்தது என்று பிளான்ட் ஹெட் பிறகு என்னிடம் சொன்னார். ஞாயிறு காலை பர்னஸை நிறுத்தினார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. வேலை தெரிந்தவர்களுக்கு, நாலு பேரைப் பார்த்துப் பேசி ஒத்துக்கொள்ள வைப்பதென்றாலே காக்கா பிடிப்பது என்று தோன்றுகிறது. அண்ணனும் முதலில் அப்படித்தான் முகம் சுளித்தார். காக்கா பிடிப்பவன் எதிரில் இருப்பவர் கேட்க விரும்புவதைச் சொல்கிறான். அண்ணன் சொன்னது அவர்கள் கேட்க விரும்பாததை, அவர்களுக்குப் புரியும் கணக்கில். இதை அவருக்கு விளக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

ஹோட்டலில் இரண்டு நாள் கம்யூனிகேஷன் ட்ரெய்னிங்குக்கு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எப்படி நிற்பது, எப்படிக் கண்ணைப் பார்ப்பது, ஸ்லைடில் எத்தனை வரி, அதுவும் ஆங்கிலத்தில். முப்பது வருட அனுபவம் உள்ளவரை அங்கே உட்கார வைத்தால், தனக்குப் பேச வராது என்ற எண்ணம்தான் அவருக்குள் இறுகும். வெல்டிங்கை நாம் வகுப்பறையில் கற்கவில்லை, பக்கத்தில் நின்று கற்றோம். இதையும் அப்படித்தான் கற்றுத்தர முடியும், உண்மையான ஒரு பிரச்சினையை வைத்துக்கொண்டு, அவர் மொழியிலேயே.

இப்போது நான் வேறு ஆலையில் இருக்கிறேன். திங்கட்கிழமை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் மெயின்டனன்ஸ் ஆள் ஒருவருக்கு நிரந்தரமாக ஒரு நாற்காலி வேண்டும், பேச்சை அவர்தான் தொடங்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற திங்கள் மறுபடி கேட்கப் போகிறேன். இந்த முறை கையில் ஒரு கிராஃப் தாள் இருக்கும்.