மந்தி கூர

போன கார்த்திகையில், மூன்று நாளாக விடாத மழையில் ஏற்காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருப்போம், பஸ் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு நேரே தடுப்புச் சுவர் மேல் ஒரு பெண் குரங்கு. குட்டியை வயிற்றோடு அணைத்து, முதுகை வளைத்து, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மற்ற நாட்களில் வண்டி நின்றாலே ஓடிவரும். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மா மேயல் மறப்ப, மந்தி கூர.” சங்கப் பாட்டு நெடுநல்வாடையில் வரும் அடி. கல்லூரியில் ‘கூர’ என்றால் குளிரில் ஒடுங்குவது என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

நக்கீரர் பாட்டு 188 அடி. எனக்குப் பாடம் நடத்தியவர்கள் அரண்மனைக்கும் அரசியின் கட்டிலுக்கும் பாசறைக்கும் ஓடிவிட்டார்கள்; தொடக்கத்தை ‘கூதிர்கால வருணனை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. என்னைக் கேட்டால், குளிர்காலத்து உயிர்களைப் பற்றித் தமிழில் அதைவிட நல்ல எழுத்து கிடையாது. ஆடுமாடு மேய்ச்சலை மறக்கிறது, மந்தி ஒடுங்குகிறது, பறவை கீழே விழுகிறது, கறவை மாடு பால் குடிக்க வரும் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. அப்புறம், மலைக்கே குளிரெடுத்தது போன்ற நள்ளிரவு என்கிறார். எல்லாம் நாலே அடியில்!

அந்தக் கன்று என்னை ரொம்ப நாள் உறுத்தியது. தாய்ப்பசு உதைக்குமா? அம்மாயி வீட்டில் மார்கழிக் காலையில் பசு பால் கறக்க விடாது. “காம்பு வெடிச்சிருக்கு கண்ணு, வலிக்குமில்ல” என்று சொல்லிக்கொண்டே அம்மாயி வெண்ணெய் தடவும். தாய்மை என்று உருகாமல், மாடு என்ன செய்ததோ அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார் நக்கீரர். அதனால்தான் நம்ப முடிகிறது.

நம் காலத்தில் அந்தக் கண் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனுக்கு இருந்தது. 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ஆங்கில நாளிதழில் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதினார். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்பைத் தேடிப் படியுங்கள்.

பனிக்கட்டியும் ஓநாயுமாக வரும் வெளிநாட்டு எழுத்தும் எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் அந்தக் குளிர் என் தோலில் படுவதில்லை. நம்முடையது ஈரக் குளிர். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. இந்த மாதங்களில், முடிந்தால் சேர்வராயன் மலையில் சாரல் அடிக்கும் திண்ணையில் உட்கார்ந்து படித்தால்தான் இந்த வரிகள் திறக்கின்றன.

நெடுநல்வாடையில் இன்னோர் இடம் உண்டு. செங்கால் புறா பெடையோடு இரை தேடப் போகாமல், இரவா பகலா என்று தெரியாமல், “மதலைப் பள்ளி மாறுவன இருப்ப.” மதலை என்பது வீட்டுச் சுவரிலிருந்து நீட்டிய கொடுங்கை, இன்றைய சன்ஷேடு மாதிரி. அங்கே கால் மாற்றி மாற்றி நிற்கிறது என்பது உரை. ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டால் உடம்புச் சூடு அவ்வளவாக வெளியேறாது.

சேலம் திரும்பிய மறுநாளும் மழை. எதிர்வீட்டு சன்ஷேடில் இரண்டு புறாக்கள். ஒன்று வலது காலை இழுத்துக்கொண்டு நின்றது. வெகுநேரம் கழித்து அதை ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டது. காபி ஆறிப்போனது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.