‘ஸ்பேர்’ என்று எழுதியிருந்த பிரேக்கர்

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பலருக்கும் மறந்திருக்காது. அன்று இரவு பதினொன்றரை மணிக்கு, ஒரு பெரிய பொதுக் கட்டடத்தின் ஆப்பரேட்டர் தம்பி எனக்குப் போன் செய்தார். கட்டடத்தின் பெயர் வேண்டாம்.

“சார், ஈபி போயிடுச்சு. ஜெனரேட்டர் ஓடுது, மாடியில எல்லாம் லைட் எரியுது. பேஸ்மென்ட்டுல தண்ணி ஏறுது சார், அதை வெளியே தள்ளுற சம்ப் பம்பு மட்டும் ஓடல. பம்பு பேனலுக்கே சப்ளை வரல.”

கட்டடத்தின் மேனுவலை, அதாவது எதை எப்படி இயக்க வேண்டும், பராமரிக்க வேண்டும் என்ற கையேட்டைப் பார்க்கச் சொன்னேன். அது ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது, சாவி இன்னொருவர் வீட்டில் இருக்கிறது என்றார். கடைசியில், அந்தக் கட்டடத்தில் ஒயரிங் வேலை பார்த்த ஒரு பழைய எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்தோம். அவர் தூக்கக் கலக்கத்தில் சொன்னார்: “ஜெனரேட்டர் பேனல்ல ஒன்பதாவது பிரேக்கரைப் போடச் சொல்லுங்க. ஸ்பேர்னு, அதாவது எதுக்கும் இணைக்காம சும்மா இருக்குதுன்னு எழுதியிருக்கும். அது ஸ்பேர் இல்ல, சம்ப் பம்பு அதுலதான் இருக்கு.” போட்டதும் பம்பு ஓடியது. அதற்குள் ஐம்பது நிமிடம் போய்விட்டது. லிஃப்ட் பள்ளம் நிரம்பிவிட்டது. அந்த லிஃப்ட் மறுபடி ஓட மூன்று வாரம் ஆனது.

இரண்டு நாள் கழித்துப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். தடித்தடியாக ஏழு ஃபைல்கள். வரைபடத்தில் சம்ப் பம்பு ஈபி பக்கம் காட்டப்பட்டிருந்தது. அதாவது கரண்ட் போனால் பம்பு ஓடாது என்று அர்த்தம். கட்டும்போது யாரோ நல்ல புத்தியோடு அதை ஜெனரேட்டர் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வரைபடத்தையும் மாற்றவில்லை, பேனலில் இருந்த பெயரையும் மாற்றவில்லை. அன்று இரவு சாவி கிடைத்திருந்தாலும் அந்த மேனுவல் தம்பியைத் தவறான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கும்.

மின் வேலையில் 26 வருடமாக இருக்கிறேன். கடலூர், புதுச்சேரி இரண்டிலும் கட்டடங்களை ஒப்படைக்கும் இடத்தில் நின்றிருக்கிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் ஊரில் மேனுவல் என்பது கடைசி பில் பாஸ் ஆவதற்காகத் தயாராகும் காகிதமாகிவிட்டது. ஒப்படைப்பதற்கு ஒரு வாரம் முன்னால் சைட்டில் இருக்கும் புது இன்ஜினியர் பையனைக் கூப்பிட்டு, கம்பெனிகள் அனுப்பிய கேட்லாக்குகளை எல்லாம் சேர்த்து பைண்டு பண்ணச் சொல்கிறார்கள். அந்த ஏழு ஃபைல்களில் பம்பு கேட்லாக்கில் மட்டும் பதினொரு மாடல்கள் இருந்தன. நம்மிடம் இருப்பது எது என்று ஒரு டிக் கூட இல்லை.

ஒவ்வொரு இயந்திரமும் எப்படி ஓடும் என்று கம்பெனிக்காரர் எழுதிவிடுவார். இந்தக் கட்டடத்தில் எல்லாம் சேர்ந்து எப்படி ஓடும், ஏன் அப்படி வைத்தோம் என்பதை நாம்தான் எழுத வேண்டும். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

தீயணைப்பு பம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரண்ட் லைனில், அதாவது தீயணைப்பு ஹோஸுக்குத் தண்ணீர் தரும் குழாயில், எப்போதும் ஒரு பிரஷர் நிற்கும், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கசிவில் அது கொஞ்சம் இறங்கினால் ஜாக்கி பம்பு என்கிற சின்ன பம்பு தானே ஓடி, ஏற்றிவிட்டுத் தானே நிற்கும். இன்னும் இறங்கினால் மெயின் பம்பு ஓடும். அது தானாக நிற்காது, ஆள் வந்துதான் நிறுத்த வேண்டும். காரணம் இருக்கிறது: யாரோ ஒருவர் ஹோஸைப் பிடித்துத் தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போது பம்பு நின்றுவிடக் கூடாது. மெயின் ஓடவில்லை என்றால் டீசல் பம்பு எடுத்துக்கொள்ளும்.

கடலூரில் ஒரு கட்டடத்தில் இந்தக் காரணம் எங்கேயும் எழுதப்படவில்லை. பிரஷர் ஏறிய பிறகும் மெயின் பம்பு ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்த ஆப்பரேட்டர், ஏதோ ஃபால்ட் என்று நினைத்து செலக்டர் சுவிட்சை ஆட்டோவிலிருந்து ‘மேனுவல்’ நிலைக்கு மாற்றிவிட்டார். அந்த நிலையில் பம்பு தானாக ஓடாது, ஆள்தான் போட வேண்டும். லாக் புக்கில் நேர்மையாக எழுதியும் வைத்திருந்தார்: “பம்பு ஆஃப் ஆகவில்லை, மேனுவலில் வைக்கப்பட்டுள்ளது.” எட்டு மாதம் அந்த பம்பு அப்படியே கிடந்தது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வரி பேனல் கதவில் ஒட்டியிருந்தால் அது நடந்திருக்காது.

அப்புறம், நம் கடற்கரை. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கும் எந்தக் கட்டடத்திலும் ஏசி வெளி யூனிட்டைத் தொட்டுப் பாருங்கள். தகடு பொடியாகக் கையோடு வரும். எர்த் கம்பி மண்ணில் இறங்கும் எர்த் பிட்டின் மூடியைத் திறந்தால் போல்ட் எது, துரு எது என்று தெரியாது. கேட்லாக்கில் ‘உப்புக்காற்று உள்ள இடங்களில் அடிக்கடி கவனிக்கவும்’ என்று இருக்கும். அடிக்கடி என்றால் எத்தனை நாள்? கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் இருக்கும் கட்டடத்துக்கு அதை முடிவு செய்து தேதி போட்டு எழுதுவதுதானே மேனுவலின் வேலை?

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம் இரண்டு ஊருக்கும் நடுவேதான் கரை ஏறியது. கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்றால், சாதாரண வருடத்தில் அந்தக் கணக்கு வரவே வராது. விடாமல் ஓடினால் பத்தே நாளில் வந்துவிடும். நம் கட்டடத்தின் லோடுக்கு மணிக்கு எத்தனை லிட்டர் டீசல், டேங்க் எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த லோடை முதலில் கழற்றலாம் என்று புயலுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். இதைக் கேட்லாக்கில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்றையும் விட முடியாது. கட்டடம் புதிதாக இருக்கும் நாளில் ஒவ்வொரு மோட்டாரும் எத்தனை ஆம்பியர் எடுத்தது, எர்த் எத்தனை ஓம் காட்டியது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து 14 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், அன்று அது 11 எடுத்தது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

தேசிய கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பில் கட்டடப் பராமரிப்புக்கென்றே 12ஆம் பகுதியைப் புதிதாகச் சேர்த்தார்கள். விதியில் குறை இல்லை. எழுதும் ஆள் ஆப்பரேட்டரின் பக்கத்தில் போய் நிற்பதில்லை, அதுதான் குறை. ஆப்பரேட்டர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள், ஏஜென்சி மாறினால் ஆளும் மாறிவிடுவார். தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடும். அவர்களுக்காகத் தமிழில், அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘மின்வழங்கல் தடைப்படின்’ என்று எழுதாதீர்கள். ‘ஈபி போனால்’ என்று எழுதுங்கள்.

இப்போது கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு வேலையில் இதைச் செய்து பார்க்கிறோம். மேனுவலை எழுதி, அந்தக் கட்டடத்தையே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, ஜெனரேட்டரைப் போடச் சொல்வோம். நாங்கள் வாய் திறக்கக் கூடாது. போன வாரம் நைட் ஷிஃப்ட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பையன் காகிதத்தை வைத்துக்கொண்டு மூன்று படியும் சரியாகச் செய்தான். நான்காவதில் நின்றுவிட்டான். நாங்கள் ‘செலக்டர் சுவிட்சை ஆட்டோவில் வை’ என்று எழுதியிருந்தோம். பேனலில் ‘மோட்’ என்று மட்டும்தான் இருந்தது. “சார், இதுல செலக்டர் எது?” என்று கேட்டான். அங்கேயே பேனாவை அவனிடம் கொடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, ‘மோட் என்று எழுதியிருக்கும் கறுப்புக் குமிழை வலது பக்கம் திருப்பு’ என்று அவன் கையெழுத்திலேயே எழுதினான். அச்சுக்கு அந்த வரிதான் போகிறது.