சங்கத்துக்கு எதற்குப் போர் பற்றிய பேச்சு?

ஏதாவது ஒரு தொழிற்சங்கம் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டால் போதும், "உங்களுக்கு எதற்கு இந்த வேலை? சம்பளத்தைப் பேசுங்கள், போனஸைப் பேசுங்கள்" என்று ஒருவர் வந்துவிடுகிறார். பல நேரம் அவரும் சங்க உறுப்பினராகத்தான் இருப்பார். அவருக்கு நான் ஈராக்கைக் காட்டுவேன்.

1987இல் சதாம் உசேன் அரசு 150ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொதுத்துறையில் இனிமேல் தொழிலாளி என்று யாருமில்லை, எல்லோரும் அரசு அலுவலர்கள், அதனால் சங்கம் வைக்க உரிமை இல்லை. எண்ணெய், துறைமுகம், மின்சாரம், ரயில் எல்லாம் அரசின் கையில் இருந்த நாட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2003இல் அமெரிக்கப் படை நுழைந்தது, சதாமின் சிலை விழுந்தது. ஆக்கிரமிப்பு நிர்வாகம் பழைய சட்டங்கள் பலவற்றை மாற்றியது, வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இந்த 150ஐத் தொடவே இல்லை! அந்த டிசம்பரில் பாக்தாத்தில் ஒரு தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குள் படையினர் புகுந்து ஆட்களைப் பிடித்துப்போனார்கள். சர்வாதிகாரி வேண்டாம், அவர் போட்ட சட்டம் மட்டும் வேண்டும். பஸ்ராவின் எண்ணெய்த் தொழிலாளர்கள் ஆக்கிரமிப்பையும் எண்ணெய்யைத் தனியாருக்குத் திறந்துவிடும் திட்டத்தையும் சேர்த்தே எதிர்த்தார்கள். போர் வேறு, சம்பளம் வேறு என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சங்கங்கள் எப்போதும் யோக்கியமாக நடந்துகொண்டன என்று நான் சொல்லவரவில்லை. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் சங்கங்கள், போர் முடியும்வரை வேலைநிறுத்தம் கிடையாது என்று ஒதுங்கிக்கொண்டன. வியட்நாம் போருக்கு அமெரிக்காவின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமை கடைசிவரை முட்டுக்கொடுத்தது. தீர்மானங்கள் மேலும் எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. கையைத் தூக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

சரக்கைத் தொட மாட்டேன் என்பதுதான் வேறு ரகம். 2008 மே 1 அன்று ஈராக் போரை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைக்கு வராததால், அமெரிக்காவின் மேற்குக் கரையில் 29 துறைமுகங்களிலும் பகல் ஷிப்டு ஓடவில்லை. வேலைக்குப் போகச் சொல்லி தொழில் தகராறு நடுவர் உத்தரவு போட்டும் போகவில்லை. அதே நாளில் ஈராக்கின் உம் காசர் துறைமுகத்திலும் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள்.

அப்புறம் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடு. சிலியில் 1973இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது அதிபர் மாளிகை மீது குண்டு போட்டவை அந்நாட்டு விமானப்படையின் ஹாக்கர் ஹண்டர் விமானங்கள். அந்த விமானப்படையின் எஞ்சின்கள் பழுதுபார்க்க வந்தபோது, ஈஸ்ட் கில்பிரைடில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஆலைத் தொழிலாளர்கள் கைவைக்க மறுத்துவிட்டார்கள். நான்கு வருடம் வெளியே மழையில் கிடந்து துருப்பிடித்த எஞ்சின்களை 1978இல் ஒருநாள் இரவோடு இரவாக எடுத்துப்போனார்கள்.

ஆனால் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், "ஆர்டர் போனால் என் வேலையும் போகுமே" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத போர் எதிர்ப்பை நான் நம்புவதில்லை. பிரிட்டனில் விமானப் பாகங்கள் செய்த லூகாஸ் ஏரோஸ்பேஸ் கம்பெனியின் தொழிலாளர்கள் 1976இல் பதிலோடுதான் வந்தார்கள். ராணுவ ஆர்டருக்குப் பதிலாக அதே கைகளும் அதே இயந்திரங்களும் என்னவெல்லாம் செய்யலாம் என்று அவர்களே உட்கார்ந்து திட்டம் எழுதினார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் இயந்திரம், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப், எரிபொருளும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் வண்டி. நிர்வாகம் முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த ஹைபிரிட் வண்டியைத்தான் இப்போது கம்பெனிகள் போட்டிபோட்டு விற்கின்றன.