ஜோடி கோமர் ஏறி வந்த ஏணி

இங்கிலாந்து நடிகை ஜோடி கோமரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் 'கில்லிங் ஈவ்' தொடரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நியாயம்தான். 2018இல் வந்த அந்தத் தொடரின் முதல் காட்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். வியன்னாவில் ஓர் ஐஸ்கிரீம் கடை. எதிரே உட்கார்ந்திருக்கும் சிறுமியைப் பார்த்து, கோமர் நடித்த கொலைகாரி வில்லனெல் சிரிக்கிறாள். குழந்தை கண்டுகொள்ளவில்லை. ஆனால் கடைக்காரர் சிரித்ததும் பதிலுக்குக் குழந்தை அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. வில்லனெல் அதைக் கவனிக்கிறாள். அந்தச் சிரிப்பை அப்படியே தன் முகத்துக்குக் கொண்டுவருகிறாள். இப்போது குழந்தை சிரிக்கிறது. எழுந்து வெளியே போகிற போக்கில் ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் குழந்தையின் மேலேயே தட்டிவிட்டுப் போகிறாள். வசனமே கிடையாது. மனித உணர்ச்சிகளை வெளியே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவள் இவள் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

அந்த வேடத்துக்கு 2019இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. அதே ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியும். உடன் நடித்த சான்ட்ரா ஓவும் போட்டியில் இருந்தார். கோமருக்கு அப்போது வயது 26. தனக்குக் கிடைக்கும் என்று நினைக்காததால் அப்பா அம்மாவை அழைத்து வரவில்லை என்று மேடையில் சொன்னார். அவர் பேசிய லிவர்பூல் ஆங்கிலத்தைக் கேட்டுப் பலர் திகைத்தே போனார்கள். திரையில் ரஷ்யக்காரியாகவும் இன்னும் பத்து ஊர்க்காரியாகவும் பேசிய பெண்ணின் சொந்தக் குரல் ஸ்கௌஸ் எனும் லிவர்பூல் பேச்சு என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள். அதை யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

1993இல் லிவர்பூலில் பிறந்தவர். சைல்ட்வால் பகுதியில் வளர்ந்தார். அப்பா எவர்ட்டன் கால்பந்து அணியில் பிசியோதெரபிஸ்ட், அம்மா மெர்சிரயில் என்ற உள்ளூர் ரயில் நிறுவன ஊழியர். குடும்பத்தில் நடிகர் என்று யாரும் இல்லை. பள்ளி நிகழ்ச்சிக்குத் தோழிகளோடு ஒரு நடனம் ஆடுவதாக இருந்தது. விடுமுறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் குழுவிலிருந்து கழற்றிவிட்டிருந்தார்கள். நடனம் போனதும் தனியாக நின்று ஹில்ஸ்பரோ துயரத்தைப் பற்றி ஒரு தனிமொழி நடித்தார். 1989இல் ஷெஃபீல்டு கால்பந்து மைதான நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்த சம்பவம் அது. அந்த ஊரில் அதைத் தொடுவது சின்ன விஷயம் இல்லை. அவரிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்ட நாடக ஆசிரியர் பிபிசி வானொலி நாடகத் தேர்வுக்கு அனுப்பினார்.

நடிப்புப் பள்ளிக்கு அவர் போகவே இல்லை. இங்கிலாந்தில் அதற்கு ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டணம். லண்டன் பள்ளி என்றால் மூன்று வருடம் அந்த ஊரின் வாடகையும் சேரும். கோமர் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டார், பாரில் வேலை பார்த்தார். நடிப்பைக் கற்றுக்கொண்டது தொலைக்காட்சியில். 2008இல் 'தி ராயல் டுடே', பிறகு 'ஹோல்பி சிட்டி', 'வாட்டர்லூ ரோடு', 'கேஷுவால்டி', 'டாக்டர்ஸ்', 'சைலன்ட் விட்னஸ்', 'வீரா'. அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஒரு அத்தியாயத்தில் வந்து போகும் மகள், ஒரு வாரத்து நோயாளி, சாட்சி சொல்லும் பெண். இப்படிப்பட்ட வேடங்கள்தான். காலையில் போய் நின்று, ஒத்திகைக்குப் பெரிதாக நேரமில்லாமல், இரண்டு டேக்கில் அழுதுவிட்டு வர வேண்டும். எந்தப் பள்ளி இதைச் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தரும்?

2012இல் 'குட் காப்' தொடரில் ஒரு சின்ன வேடம். அதில் நடித்த ஸ்டீபன் கிரஹாம் அவர் நடிப்பைப் பார்த்துவிட்டுத் தன் ஏஜென்டிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் 'மை மேட் ஃபேட் டைரி', 'டாக்டர் ஃபாஸ்டர்', 2016இல் 'தர்ட்டீன்' எல்லாம். பதிமூன்று வருடம் நிலவறையில் அடைபட்டுக் கிடந்து தப்பி வந்த ஐவியாக 'தர்ட்டீன்' தொடரில் செய்ததைப் பார்த்தவர்களுக்கு வில்லனெல் ஆச்சரியமாக இருந்திருக்காது.

என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு வில்லனெல்லும் இல்லை. 2021இல் சேனல் ஃபோரில் வந்த 'ஹெல்ப்'. கொரோனா நாட்களில் லிவர்பூல் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்யும் சாரா. அதில் ஒரு இரவுப் பணி, இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாத ஒரே ஷாட். மூச்சுத் திணறும் பெரியவர் ஒருவர், ஆம்புலன்ஸ் வராது, தொலைபேசியில் யாரும் எடுப்பதில்லை, துணைக்கு ஆள் இல்லை. கதாபாத்திரம் பேசுவது அவருடைய சொந்த ஊர்ப் பேச்சு. அந்தக் காட்சி முடியும்வரை நான் அசையவில்லை. அந்த இல்லங்களில் இறந்தவர்களுக்காக ஒரு நாடு எவ்வளவு அழ வேண்டுமோ அதை அந்த ஒரு முகத்தில் பார்த்தேன். அதற்கும் பாஃப்டா கொடுத்தார்கள். அதன் பிறகு, மேடை அனுபவம் ஏறக்குறைய இல்லாமலே, 'ப்ரைமா ஃபேஸி' என்ற ஒற்றை ஆள் நாடகத்தை லண்டனிலும் நியூயார்க்கிலும் சுமந்தார். 2023இல் அந்த இரண்டு ஊர்களின் பெரிய நாடக விருதுகளான ஒலிவியர், டோனி இரண்டும் வந்தன.

இப்போது அந்த ஏணியைப் பாருங்கள். 'ஹோல்பி சிட்டி' 2022 மார்ச்சில் நின்றுவிட்டது. பர்மிங்காமில் எடுக்கப்பட்ட 'டாக்டர்ஸ்' 2000இல் தொடங்கி 2024 நவம்பரில் முடிந்தது. 1986இலிருந்து வரும் 'கேஷுவால்டி' இன்னும் இருக்கிறது, ஆனால் முன்னைப்போல் அத்தனை அத்தியாயம் இல்லை. மருத்துவத் தொடர்தானே என்று விமர்சகர்கள் ஒதுக்கியவைதான் இவை. எனக்கு அந்த ஏளனம் எரிச்சலாக இருக்கிறது. பணக்கார அப்பா இல்லாத, லண்டன் உச்சரிப்பு இல்லாத பிள்ளைக்கு முதல் சம்பளமும் முதல் தவறும் கிடைத்த இடம் அது.

இந்த ஏணி இல்லாமலும் மேலே வரலாம் என்பதற்கு 'அடலசன்ஸ்' தொடரில் நடித்த ஓவன் கூப்பரைச் சொல்வார்கள். நடித்த அனுபவமே இல்லாமல் வந்து 15 வயதில் எம்மி வாங்கிய வாரிங்டன் பையன். மனசு நிறைந்த சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவராக அங்கேயும் முன்னால் நின்றது அதே ஸ்டீபன் கிரஹாம். ஒரு நல்ல மனிதரின் கண்ணில் படுவதை நம்பி ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது.

'டாக்டர்ஸ்' நின்றதற்குத் தயாரிப்புச் செலவு ஏறிவிட்டதைக் காரணமாகச் சொன்னது பிபிசி. அந்தப் பணம் பர்மிங்காம் இருக்கும் மிட்லாண்ட்ஸ் பகுதியிலேயே புதுத் தொடர்களுக்குப் போகும் என்றும் சொன்னது. போகட்டும். ஆனால் ஆறு அத்தியாயத்தில் முடிகிற, பெரிய பெயர்கள் நடிக்கிற தொடரில் வாரம் ஒரு புது நோயாளிக்கு இடம் எங்கே? பிபிசி நடப்பது வீட்டுக்கு வீடு வசூலிக்கிற தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில். 2025இல் அது 174.50 பவுண்டு. சைல்ட்வாலிலும் அதைத்தான் கட்டுகிறார்கள். அந்தப் புதுத் தொடர்களில் முதல்முறை கேமரா முன் நிற்பவர்களுக்கு எத்தனை வேடம் கொடுத்தார்கள், அதில் லண்டனுக்கு வெளியே இருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிபிசி ஒவ்வொரு ஆண்டும் கணக்குக் காட்ட வேண்டும்.