பரோட்டாவை மட்டும் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

தொப்பைக்குக் காரணம் மாவுச்சத்து என்று ஒரு கோஷ்டி. எண்ணெய்தான் என்று இன்னொரு கோஷ்டி. வெள்ளைச் சர்க்கரை என்று மூன்றாவது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடை போகிறவர்கள் முதல் குடும்ப வாட்ஸ்அப் குழு வரை இந்தப் பஞ்சாயத்து ஓய்ந்தபாடில்லை. எனக்கு மூன்று பேரோடும் ஒத்துப்போகவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குக் கொழுப்பைக் குறைத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு மாவுச்சத்தை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சராசரியாக ஐந்தாறு கிலோ இறங்கியிருந்தது; சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் காய்கறியை நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் தள்ளிவையுங்கள் என்று இரண்டு பிரிவுக்குமே சொல்லியிருந்தார்கள். நம்ம ஆட்கள் பகிரும்போது இந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கோரிப்பாளையம் பக்கம் இரவுக் கடையில் பரோட்டா மாஸ்டர் கையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். உருண்டை பிடிக்கும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் போட்ட பிறகு சுற்றி ஊற்ற எண்ணெய். நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் அடித்து நொறுக்கினால் அடுக்கு பிரிகிறது. அப்புறம் மேலே சால்னா, அதிலும் ஒரு விரல் எண்ணெய் மிதக்கும். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9. மைதாவில் நார் பேருக்குத்தான், அதனால் மாவு சீக்கிரமே குளுக்கோஸாகி இரத்தத்தில் ஏறப் பார்க்கும். இன்சுலின் சுரக்கும். உடம்பு அந்தக் குளுக்கோஸை எரித்துக்கொண்டிருக்க, கூட வந்த கொழுப்பில் மிஞ்சியது சேமிப்புக்குப் போகும். கொழுப்பு இரைப்பை காலியாவதையும் தாமதமாக்கும். பதினொரு மணிக்குத் தின்றுவிட்டு உடனே படுத்தால் நெஞ்சு கரிக்காமல் என்ன செய்யும்?

ஜிகர்தண்டா வேறு ரகம். பாதாம் பிசின் குளிர்ச்சி என்று சொல்லித்தான் குடிக்கிறோம். பிசின் பாவம், அதில் இருப்பது பெரும்பாலும் நார். கூட வருகிற சர்பத், சுண்டிய பால், ஐஸ்கிரீம் பற்றி யாரும் பேசுவதில்லை. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரை. அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும், மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாகவும் மாறும். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம். டீ, காபி எல்லாம் சேர்த்துத்தான்.

ஆக, மாவு, எண்ணெய், சர்க்கரை மூன்றும் ஒன்றாக வருகின்றன, பக்கத்தில் பருப்போ காயோ இல்லாமல் வருகின்றன. என் சண்டை அதோடுதான். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தும் சர்க்கரையும், புரதம் 12 சதவீதம்தான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. ஏன் என்று ரேஷன் கடை வரிசையில் நின்றால் தெரிந்துவிடும். அரிசி இலவசம். சர்க்கரை கிலோ 25 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு கிலோ 30 ரூபாய், ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். ரேஷனைக் குறை சொல்லவில்லை, பசியைத் தீர்த்த திட்டம் அது. ஆனால் மலிவாகக் கிடைப்பதை வைத்துத்தான் ஏழை வீட்டில் உலை வைப்பார்கள். அவர்களிடம் போய் "கார்ப்ஸைக் குறைங்க, பாதாம் சாப்பிடுங்க" என்பது அநியாயம்.

மெஸ்ஸிலும் இதே கதைதான். சோறு எத்தனை தடவை கேட்டாலும் தட்டு நிறையக் கொட்டுவார்கள். கூட்டு இரண்டாவது கரண்டி கேட்டுப் பாருங்கள், அண்ணன் முகம் போகிற போக்கை! பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு சோற்றைப் பாதியாக்கி, சுண்டலோ முட்டையோ கீரையோ ஒரு கிண்ணம் வைக்கிற மெஸ் மதுரையில் எங்கேயாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நாளைக்கே வருகிறேன்.