ஒரே டிராகுலாவுக்கு எதுக்கு ரெண்டு டிஸ்க்?

போன வாரம் வீட்டுக்குச் சாப்பிட வந்த நண்பர் ஒருத்தர் என் ஷெல்ஃப பாத்துட்டு கேட்டார், ஏங்க இந்த டிராகுலா படத்த ரெண்டு தடவ வாங்கி வச்சிருக்கீங்க, மறந்து வாங்கிட்டீங்களான்னு. தெரிஞ்சேதான் வாங்கினேன்னு சொன்னேன், அவர் எல்லாம் ஆன்லைன்லயே கிடைக்குதே எதுக்கு இந்தச் செலவுன்னு ஆரம்பிச்சார், அதுக்குள்ள சாப்பாடு ஆறுதுன்னு கூப்பிட்டாங்க, பேச்சு வேற பக்கம் போயிருச்சு. ஆனா அந்தக் கேள்வி ஒரு வாரமா மனசுலயே கிடக்கு. கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

நான் சொல்றது 1958ல பிரிட்டன்ல ஹாம்மர் கம்பெனி எடுத்த டிராகுலா. கிறிஸ்டோபர் லீ டிராகுலா, பீட்டர் குஷிங் அவர வேட்டையாடுற வான் ஹெல்சிங், டைரக்ஷன் டெரன்ஸ் ஃபிஷர். மொத்தமே 82 நிமிஷம். அதுக்கு முந்தின வருஷம்தான் இதே மூணு பேரும் சேந்து கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்னு ஒண்ணு பண்ணிருந்தாங்க, பேய்ப்படம்னா பெரும்பாலும் கறுப்பு வெள்ளைன்னு இருந்த காலத்துல ரத்தம் நல்ல சிவப்புல ஓடுது, விமர்சகர்கள் முகம் சுளிச்சாங்க, ஜனம் வரிசைல நின்னுச்சு. டிராகுலால லீ பேசுறது எவ்வளவுன்னு கவனிச்சிருக்கீங்களா? ஆரம்பத்துல கோட்டைக்கு வர்ற ஹார்க்கர்கிட்ட பேசுற சில வரியோட சரி, அப்புறம் படம் முடியுற வரைக்கும் ஒரு வார்த்த கிடையாது. மிச்சமெல்லாம் அந்த உயரம், அந்தக் கண்ணு, ஜேம்ஸ் பெர்னார்டோட மியூசிக். டி-ரா-குலான்னு பேரச் சொல்ற மாதிரியே மூணு நோட்டு வரும், ஒரு தடவ கேட்டா ராத்திரி முழுக்க காதுல நிக்கும்.

நான் இங்கிலாந்துல, லண்டன் பக்கத்துல ஸ்லவ்ங்கிற ஊர்ல குடியிருக்கேன். இங்கருந்து கார்ல கொஞ்ச தூரம் போனா தேம்ஸ் நதிக்கரைல ஹாம்மர் படம் எடுத்த ப்ரே ஸ்டூடியோ இருந்த இடம். ஸ்டூடியோன்னா ஏவிஎம் மாதிரி பெரிய வளாகம்னு நினைக்காதீங்க, டவுன் ப்ளேஸ்னு ஒரு பழைய பங்களா, அத 1951ல ஹாம்மர் எடுத்து அதோட ரூம்லயும் ஹால்லயும் செட் போட ஆரம்பிச்சு அப்புறம் பக்கத்துல ஸ்டேஜ் கட்டிக்கிட்டாங்க. பக்கத்து வீடு ஓக்லி கோர்ட், கூரான கோபுரம் வச்ச பழைய மாளிகை, ப்ரைட்ஸ் ஆஃப் டிராகுலா உட்பட எத்தனையோ படத்துல அது தலைகாட்டும், இப்ப அது ஹோட்டல். முதல் தடவ அங்க டீ குடிக்கப் போனப்ப வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன், உள்ள போகணும்னே தோணல.

கையில காசு கம்மி, அத வச்சுக்கிட்டு இவங்க செஞ்ச வேல இருக்கே, அங்கதான் நான் விழுந்தேன். பெர்னார்ட் ராபின்சன்னு ஒரு ஆர்ட் டைரக்டர், இந்தப் படத்துல கோட்டையா இருந்த செட்ட அடுத்த படத்துல வேற வீடா மாத்திருவார், தூண நகத்துவார், படிக்கட்ட திருப்பி வைப்பார், பெயின்ட் மாத்துவார். 1966ல வந்த நாலு படம் இதுக்கு நல்ல உதாரணம். டிராகுலா ப்ரின்ஸ் ஆஃப் டார்க்னஸ், ராஸ்புடின் ரெண்டும் ஒரு செட்டுல, ப்ளேக் ஆஃப் த ஸாம்பீஸ், ரெப்டைல் ரெண்டும் இன்னொரு செட்டுல. தியேட்டருக்கு டபுள் பில்லா, அதாவது ஒரே ஷோவுக்கு ரெண்டு படமா அனுப்புறப்ப குறுக்கால மாத்தி ஜோடி போட்டாங்க, டிராகுலாவோட ஸாம்பீஸ், ராஸ்புடினோட ரெப்டைல், அப்பத்தான ஒரே ராத்திரில ஒரே செட்ட ரெண்டு தடவ பாத்து யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. இப்ப நாங்க டிஸ்க்க நிறுத்தி நிறுத்தி இந்த வாசல் அந்தப் படத்துல வந்ததுதானேன்னு தேடிக்கிட்டு இருக்கோம், அதுல கிடைக்குற சந்தோஷத்த எப்படி சொல்றதுன்னு தெரியல. குஷிங்கும் அப்படித்தான், கடைசில ரெண்டு மெழுகுவத்தி ஸ்டாண்ட சிலுவையா சேத்துப் பிடிப்பாரே, அது அவரே சொன்ன யோசனை.

இங்க ஒரு கார் பூட் சேல்ல, அதாவது கார் டிக்கிய திறந்து வச்சு பழைய சாமான் விக்கிற சந்தைலதான் ஒரு பெரியவர் பழக்கமானார், அறுபத்தஞ்சு வயசு இருக்கும், பழைய டிவிடி ரெண்டு பெட்டி விக்க வச்சிருந்தார். 1975ல இருந்து பிபிசி ரெண்டுல கோடைகாலத்துல சனிக்கிழமை ராத்திரி ரெண்டு ரெண்டு பேய்ப்படமா போடுவாங்க, முதல்ல ஒரு கறுப்பு வெள்ள, அப்புறம் பெரும்பாலும் கலர். அவருக்கு அப்ப பதினஞ்சு வயசு. வீட்ல விசிஆர் கிடையாது, அதனால டிவி முன்னாடி கேசட் ரெக்கார்டர வச்சு சத்தத்த மட்டும் பதிவு பண்ணிக்குவாராம், வாரம் பூரா படுக்கைல அதப் போட்டுக் கேட்டு மனசுக்குள்ளயே படத்த ஓட்டிக்குவாராம். எனக்கு சட்டுனு புரிஞ்சிருச்சு, நம்ம வீடுகள்ல கதை வசனம் கேசட் போட்டு மனப்பாடம் ஆகுற வரைக்கும் கேட்டோமே, அதேதான். அவர் முதல் முதல்ல காசு கொடுத்து வாங்கினது வீட்டு புரொஜெக்டர்ல ஓட்டுற ஒரு சூப்பர் 8 ஃபிலிம் ரீல், 200 அடி, பத்து நிமிஷம் போல ஓடும், முழுப்படத்த அதுக்குள்ள சுருக்கி வெட்டி விப்பாங்க. அப்புறம் விஎச்எஸ், டிவிடி, ப்ளூ ரே, இப்ப 4கே. ஒரே படத்த ஆறு தடவ வாங்கிருக்கேன்னு சொன்னார், சொல்றப்ப முகத்துல வருத்தமே இல்ல.

சரி, ரெண்டு டிஸ்க் விஷயத்துக்கு வரேன். டிராகுலா மேல வெயில் பட்டு சாம்பலாகுற கடைசி சீன்ல பிரிட்டிஷ் சென்சார் கத்திரி போட்டுருச்சு. லீ தன் முகத்த தானே விரலால கீறி உரிக்கிற மாதிரி ஒரு ஸ்டில் ஃபோட்டோ மட்டும் பழைய பத்திரிகைகள்ல சுத்திக்கிட்டு இருந்துச்சு, படத்துல அது இல்ல. ஜப்பானுக்குப் போன பிரிண்ட்ல இருக்குன்னு ரசிகர்கள் பல வருஷமா பேசிக்கிட்டே இருந்தாங்க, வதந்தின்னு ஒதுக்கினவங்கதான் அதிகம். 2011ல டோக்கியோல இருந்த ஒரு பிரிட்டிஷ் ரசிகர் விடாம விசாரிச்சு அங்க இருக்குற தேசியத் திரைப்பட மையத்துல அந்தப் பிரிண்ட கண்டுபிடிச்சார். அந்த மையத்துல 1984ல தீ விபத்து, முன்பாதி ரீல் எல்லாம் போச்சு, கடைசி நாலு ரீல் மட்டும் தண்ணில ஊறி அழுக்கேறி மிஞ்சிருக்கு. நமக்கு வேண்டிய சீன் அந்த நாலுக்குள்ள! இத எழுதுறப்பவும் எனக்கு கை சிலிர்க்குது. சில நொடிதான் அந்தக் காட்சி, ஆனா அம்பத்து நாலு வருஷம் கழிச்சு படத்துல சேந்துச்சு, 2013ல இங்க ப்ளூ ரேவா வந்துச்சு, அந்த நாலு ரீலையும் கறையோட அப்படியே எக்ஸ்ட்ராவா வச்சிருந்தாங்க. என் முதல் டிஸ்க் அதுதான்.

அப்ப ரெண்டாவது? அந்த முதல் டிஸ்க்ல கலர் நீலம் தட்டிப்போய் இருக்கும். ஜாக் ஆஷர்னு ஒரு கேமராமேன் ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனி கலர் லைட் வச்சு, பச்சையும் ஊதாவும் சிவப்புமா பாத்துப் பாத்து பண்ணினது, அது மேல ஐஸ் தண்ணி ஊத்தின மாதிரி. 2018ல அமெரிக்காவுல வந்த டிஸ்க்ல கலர் கதகதப்பா, தோல் நிறம் தோல் நிறமா இருக்கு, ஆனா ஜப்பான் சீன் இல்ல. முழுப்படம் ஒண்ணுல, சரியான கலர் இன்னொண்ணுல. எத விடச் சொல்றீங்க? எனக்கு ரெண்டும் வேணும்.

ஆன்லைன்ல கிடைக்குதேன்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான், அங்க எந்தப் பிரிண்ட் ஓடுதுன்னு எங்கயாவது போட்டிருக்கா? வெட்டினதா வெட்டாததா, எந்த மூலப் பிரதில இருந்து எடுத்தது, ஒண்ணும் தெரியாது, உரிமம் முடிஞ்சா அடுத்த மாசம் காணாமயும் போயிரும். ரசிகன் ஒருத்தன் இந்தச் சீன் குறையுதுன்னு ஸ்டில்ல கையில வச்சுக்கிட்டு கத்திக்கிட்டே இருந்ததாலதான் படம் முழுசாச்சு, கம்பெனிக்காரங்க தானா தேடிப் போகல. இப்பவும் புது டிஸ்க் வந்தா கலர் சரியா, ஃப்ரேம் சரியான்னு பழசோட பக்கத்துல வச்சுப் பாத்து சண்ட போடுறது இந்த ஆளுங்கதான். அத வேல இல்லாதவன் பொழப்புன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவமே வரும்.

போஸ்டர் விஷயத்துல மட்டும் எனக்கு ஒரு மனக்கொற. பிரிட்டிஷ் குவாட் போஸ்டர், 30க்கு 40 இன்ச், படுக்க வாக்குல இருக்கும், டாம் சான்ட்ரெல் மாதிரி ஆளுங்க கையால வரைஞ்சது. 1968ல ஒரு டிராகுலா போஸ்டருக்கு சான்ட்ரெல் தன்னையே மாடலா வச்சு வரைஞ்சார், அவ்வளவு ஆசையா பண்ணின வேல. அத இப்ப சில பேர் ஷேர் மார்க்கெட் மாதிரி வாங்கி லாக்கர்ல பூட்டி வைக்கிறாங்க, படத்தப் பாத்ததே இல்லன்னு பெருமையா வேற சொல்றாங்க. அந்தப் பெரியவர் வீட்ல ஒரு குவாட் இருக்கு, மடிச்ச தடம் நாலு பக்கமும் கிழிஞ்சு உள்பக்கம் டேப் ஒட்டிருக்கு, எனக்கு அதுதான் ஒசத்தி.

ஊர்ல இருந்து டிஸ்க் வாங்க நினைக்கிறவங்க கவனிக்க: ப்ளூ ரே டிஸ்க்க உலகத்துல பகுதி பகுதியா பிரிச்சு, அந்தப் பகுதி ப்ளேயர்ல மட்டும் ஓடுற மாதிரி பூட்டிருப்பாங்க, இங்கத்தது நிறைய ரீஜன் பி லாக், இந்தியா ரீஜன் சி, அதனால ப்ளேயர் ரீஜன் ஃப்ரீயா இருந்தாத்தான் ஓடும். புதுசா பாக்குறவங்க டிராகுலால ஆரம்பிங்க, அப்புறம் ப்ளேக் ஆஃப் த ஸாம்பீஸ்ல அந்தக் கல்லறைத் தோட்டத்துக் கனவு சீன், அத ராத்திரி லைட்ட அணைச்சுட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, இது நிஜமாவே கேக்குறேன். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்தக் காலத்துல இந்த ஹாம்மர் படங்கள நம்ம ஊர் தியேட்டர்ல பாத்திருந்தா எந்தத் தியேட்டர், என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டு கமென்ட்ல எழுதுங்க. டிக்கெட், நோட்டீஸ், ஸ்டில்லுன்னு எது கிடந்தாலும் தூக்கிப் போட்றாதீங்க, ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க.