உடைந்தது, மூழ்கவில்லை

‘மொரீஷியஸுக்கு அடியில் இருப்பது கடலில் மூழ்கிய குமரிக்கண்டம்தான்’ என்று ஒரு பகிர்வு. முந்தாநாள் அந்தப் பகிர்வுக்குக் கீழே நான் போட்ட இரண்டே வரிக்கு விழுந்த வசவுகளை நேற்று இரவு எண்ணிப் பார்த்தேன். ‘தமிழினத் துரோகி’ மட்டும் பதினொன்று. நன்றி.

நான் சொன்னது இவ்வளவுதான்: மொரீஷியஸுக்கு அடியில் இருப்பது குமரிக்கண்டம் இல்லை.

சரி, பிறகு அது என்ன? மொரீஷியஸ் எரிமலைத் தீவு. வெளியே தெரியும் எந்தப் பாறைக்கும் ஒரு கோடி வயதுகூட ஆகவில்லை. ஆனால் அங்குள்ள டிராக்கைட் என்ற எரிமலைப் பாறையில் 300 கோடி ஆண்டுப் பழைய சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்கள் இருப்பதாக 2017-இல் ஆய்வு வந்தது. படிகத்துக்குள் இருக்கும் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொன்ன வயது. பாறைக்கு வயது 60 லட்சம், உள்ளே இருக்கும் படிகத்துக்கு 300 கோடி! எரிமலைக் குழம்பு ஏறி வரும் வழியில் கீழே கிடந்த பழைய கண்டத் துண்டைக் கரைத்திருக்கிறது. சிர்கான் மட்டும் கரையாமல் தப்பியிருக்கிறது.

இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தபோது நடுவில் சிக்கி, இழுபட்டு மெலிந்துபோன துண்டு அது. கர்நாடகக் கரையில் மால்பேக்கு எதிரே செயின்ட் மேரீஸ் தீவுகளில் தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறையும் அந்தப் பிரிவின் மிச்சம்தான். உடைந்தது ஐயா, மூழ்கவில்லை. 9 கோடி ஆண்டுகளுக்கு முன் தமிழன் என்ன, குரங்கே கிடையாது.

‘கல்லைப் பொடித்துக் கதை விடுகிறார்கள்’ என்றார் ஒருவர். படிக்கிற காலத்தில் நானும் பொடித்திருக்கிறேன். உடைத்து, சலித்து, காந்தத்தில் ஓட்டி, நுண்ணோக்கிக்கு அடியில் ஊசிமுனையால் ஒவ்வொரு சிர்கானாகப் பொறுக்கினேன். மூன்று நாள் வேலை. ஒரே தும்மலில் பாதி போயிற்று. கதை விடுவது இதைவிடச் சுலபம்.

‘வெள்ளைக்காரன் சொன்னால் நம்புவாயா?’ குமரிக்கண்டத்துக்கு இன்னொரு பெயராக நீங்கள் சொல்லும் லெமூரியா என்ற பெயரை வைத்ததே 1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர்தான். அதுவும் லெமூர் என்ற விலங்குக்காக. அவரை மட்டும் நம்பலாமா?

‘அப்போ கடல்கோள் பொய்யா?’ நான் அப்படிச் சொல்லவே இல்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. கரையோர நிலம் நிறையவே போயிருக்கிறது. அது வேறு கணக்கு, அதைத் தனியாகப் பேசலாம். 300 கோடி வயதுச் சிர்கானை அதற்குச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

தமிழ் பழமையானது என்று நிரூபிக்க எரிமலைக் கல்லா வேண்டும்? அதைக் கேட்டதற்கா நான் துரோகி?

முகம் தெரியாதவர்கள் திட்டினால் போகட்டும். சின்ன வயதில் என் கையில் முதல் கூழாங்கல்லை வைத்து ‘இதுக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி’ என்று சொன்ன என் சித்தப்பாவும் அந்தப் பகிர்வுக்கு இதயம் போட்டிருக்கிறார். என் கமெண்ட்டுக்குச் சிரிப்புப் பொம்மை.